ஊர்ச் சாதனையாளர் கௌரவிப்பு: கேடயத்துக்குச் சொல்ல முன்னம் முடிக்கவேண்டிய வேலைகள்

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் கௌரவிப்பு விழா நடக்கிறது. வாசிகசாலையின் ஆண்டு நிறைவோடு ஒன்று, விளையாட்டுக் கழகத்தின் பெயரில் இன்னொன்று, பழைய மாணவர் சங்கத்தின் விருது இரவு மற்றொன்று. மேடையும் பதாகையும் வருடா வருடம் வடிவாகிக்கொண்டே வருகின்றன. ஆனால் கௌரவம் பெறுகிறவர் மேடையில் நிற்பது அரை நிமிடம். பெயர் வாசிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், கேடயம் கைமாறும், படம் எடுப்பார்கள், அவர் இறங்கிவிடுவார். அவர் என்ன செய்தார் என்பது முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கே தெரியாமல் போய்விடும்.

ஒருவரைச் சொந்த ஊர்ச் சனத்துக்கு முன் நிறுத்தி, அவர் செய்த காரியத்தைப் பிழையில்லாமல் நான்கு வசனத்தில் சொல்வதுதான் இந்த விழாவின் உயிர். மண்டபம், ஒலி, சிற்றுண்டி எல்லாம் அந்த நான்கு வசனத்துக்காகத்தான். கீழே சொல்லப்போவது எல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

பட்டம் கொடுப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. நல்லூர் ஆறுமுகம்பிள்ளைக்கு 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்று பட்டம் கொடுத்தது. இன்று பட்டமே பெயராகிவிட்டது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 'தங்கத்தாத்தா' ஆனார். காங்கேசன்துறை இசை நாடகக் கலைஞர் வைரமுத்துவை 'நடிகமணி' என்று சொல்லாமல் யாரும் குறிப்பிடுவதில்லை. இந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அவர்களுடைய வேலையைச் சனம் நேரே கண்டும் கேட்டும் இருந்தது. இப்போது யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று விளங்காத பட்டங்கள் மலிந்துவிட்டன. காசு கட்டினால் பட்டம் தருகிற அமைப்புகளும் இருக்கின்றன. ஊர் மட்டத்தில் விழா செய்கிறவர்கள் புதுப் பட்டம் கண்டுபிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'சிறந்த விவசாயி', 'நீண்டகால முன்பள்ளிச் சேவை' என்று விருதுக்குப் பெயர் வைத்தால் போதும். பட்டம் தகுதியானதாக இருந்தால் ஊர்ச் சனமே சூட்டும்.

முதலில் திகதி. விழாவுக்கு 12 கிழமைக்கு முன்னமே வேலை தொடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் மழை. திறந்தவெளி மேடைக்கு உதவாது. ஆடி, ஆவணியில் வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வருவார்கள், ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாள் ஓடும். அந்த நாட்களில் பின்னேர நிகழ்ச்சிக்குச் சனம் சேராது. ஊர்க் கோயில் கொடியேற்றத்தையும் தேவாலயத் திருநாளையும் நாட்காட்டியில் குறித்துவிட்டு மிஞ்சுகிற சனிக்கிழமைகளில் ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் தை கடைசியும் மாசியும் தோதாக அமையும்.

மாற்றுத் திகதி ஒன்றும் கட்டாயம் வேண்டும். விழா நாளில் ஊரில் செத்தவீடு விழுந்தால் ஒலிபெருக்கி கட்ட முடியாது, கட்டவும் கூடாது. அழைப்பிதழ் அடித்தாயிற்று, பிரதம விருந்தினர் வருகிறார் என்று பிடிவாதமாக நடத்திய விழாக்களால் ஊர் இரண்டுபட்டதுண்டு. மண்டபக்காரர், ஒலி அமைப்பாளர், படப்பிடிப்பாளர் மூவரிடமும் "செத்தவீடு வந்தால் அடுத்த சனிக்கு மாற்றுவோம்" என்று முற்பணம் கொடுக்கும்போதே பேசி எழுதிவிடுங்கள். அவர்களுக்கும் இது புதிதல்ல, ஒத்துக்கொள்வார்கள்.

இடத்திலும் இதே கவனம் வேண்டும். கோயில் மண்டபம் வாடகை குறைவு, கதிரையும் அங்கேயே இருக்கும். ஆனால் துடக்கு உள்ள குடும்பம் உள்ளே வராது. விருது பெறுகிற 30 பேரில் ஒருவர் வீட்டிலாவது அந்த மாதம் துடக்கு இருக்கக்கூடும். இரு சமயத்தவரும் வாழ்கிற ஊரில் ஒரு பக்கத்தார் தயங்குவார்கள். பாடசாலை மண்டபமோ சனசமூக நிலையத்தின் முற்றமோதான் எல்லோருக்கும் பொது. பாடசாலை என்றால் அதிபரிடம் மட்டும் கேட்டால் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டிவரும். அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

இனித் தெரிவு. விழா முறிகிற இடம் அநேகமாக இதுதான். நிர்வாகசபை ஒரு பின்னேரம் கூடி, ஞாபகத்தில் வந்த பெயர்களை எழுதினால் என்ன நடக்கும்? றோட்டுக்கரை வீடுகள் வரும், உள்ளொழுங்கைகள் விடுபடும். பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகள் வருவார்கள், ஏனென்றால் பாடசாலையில் பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது. சீவல் தொழிலாளியும், கடற்றொழிலாளியும், வீடு வீடாக நடந்து தாய்மாரைப் பார்த்த குடும்பநல உத்தியோகத்தரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. எந்தக் குறிச்சியிலிருந்து யார் விடுபட்டார்கள் என்பதை ஊர் உடனே எண்ணிப் பார்க்கும். சாதி பார்த்துத்தான் விட்டார்கள் என்ற பேச்சு வந்தால், அது உண்மையோ பொய்யோ, விழா அத்தோடு கெட்டது. பழைய காயங்கள் உள்ள ஊர்களில் அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

ஆகவே விண்ணப்பப் படிவம் ஒன்று செய்யுங்கள். ஏ4 தாளில் ஒரு பக்கம். யாருக்காக, எந்தத் துறை, என்ன செய்தார், எந்த ஆண்டு, அதை அறிந்த இருவரின் பெயர், விண்ணப்பிக்கிறவர் யார் என்பவை போதும். வாசிகசாலைப் பலகையிலும் கோயில், தேவாலய வாசலிலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டுங்கள். வட்ஸ்அப், வைபர் குழுக்களிலும் போடுங்கள். அதோடு நின்றுவிடக்கூடாது. ஒவ்வொரு குறிச்சிக்கும் இரண்டு இளைஞர்களை அனுப்பி வீடு வீடாகக் கேட்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கும், தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்கும் அந்தப் பிள்ளைகளே எழுதிக் கொடுக்க வேண்டும். சிறந்த விண்ணப்பங்கள் இப்படி வீட்டு வாசலில் எழுதியவையாகத்தான் இருக்கும்.

தெரிவுக் குழு ஐந்து பேர். மூவர் ஊருக்கு வெளியே இருந்து வரட்டும்: பக்கத்து ஊரின் ஓய்வுபெற்ற அதிபர், விவசாயப் போதனாசிரியர், கலாசார உத்தியோகத்தர் இப்படி. நிர்வாகசபை உறுப்பினருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் அந்த ஆண்டு விருது இல்லை என்று முதலே தீர்மானித்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். பரீட்சைப் பெறுபேறு மட்டும் விதிவிலக்கு. அது திணைக்களம் தந்த புள்ளி, குழு தெரிவு செய்வதில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளைப் புள்ளி வரிசையில் மேடைக்கு அழைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் கடைசி ஆளாக ஏறுவது நல்லதல்ல. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களைப் பெயரின் அகரவரிசையில் அழையுங்கள், புள்ளியை வாசிக்காதீர்கள். வெட்டுப்புள்ளியே மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிற ஒன்று. சாதாரண தரத்தில் 9ஏ, உயர்தரத்தில் 3ஏ எடுத்தவர்கள் வளர்ந்த பிள்ளைகள், பெறுபேற்றைச் சொல்லலாம். அவர்களையும் ஒரே தொகுதியாக ஏற்றினால் நேரம் மிச்சம். விழாவின் நடுப்பகுதி பெரியவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

தெரிவு முடிந்ததும் கௌரவிப்புரை எழுத வேண்டும். இதற்குத்தான் அதிக நேரம் தேவை, ஆனால் பல இடங்களில் விழாவன்று பின்னேரம் மேடைக்குப் பின்னால் இருந்து கிறுக்குகிறார்கள். அதனால்தான் எல்லோரும் "தன்னலமற்ற சேவையாளர்", "பண்பாளர்", "பல சாதனைகளைப் படைத்தவர்" ஆகிவிடுகிறார்கள். அந்தச் சொற்களில் ஆளை மாற்றி வைத்தாலும் ஒன்றும் மாறாது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "விளையாட்டுத் துறையில் நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர்" என்றால் ஒன்றும் தெரியாது. "1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றியவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர், ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது" என்று சொல்லுங்கள், சபை நிமிர்ந்து இருக்கும். புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை.

அது உலகறிந்த சாதனை. ஊர்ச் சாதனையையும் அதே முறையில் எழுதலாம். மாதிரிக்கு ஒன்று: "வடக்கு ஒழுங்கை முன்பள்ளியை 1991இல் ஏழு பிள்ளைகளோடு மாமரத்தின் கீழ் தொடங்கினார். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சி போனபோது பதிவுப் புத்தகத்தையும் கொண்டுபோய், அங்கே இருந்த ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்தார். இந்த மண்டபத்தில் இருக்கிற இளந்தாய்மாரில் பலர் அவரிடம் அகரம் எழுதியவர்கள். இப்போதும் காலை ஏழரைக்குப் பள்ளிக் கதவைத் திறக்கிறவர் அவரே." நான்கு வசனம். ஆண்டு இருக்கிறது, இடம் இருக்கிறது, ஒரு பொருள் இருக்கிறது, இன்றைக்கும் தொடர்கிற செயல் இருக்கிறது. பதிவுப் புத்தகம் என்ற ஒரு விபரத்துக்காகவே அவரை நேரில் சந்திக்க வேண்டும். விண்ணப்பத்தில் அது வராது. ஒருவர் வீட்டில் ஒரு மணித்தியாலம் இருந்து கேளுங்கள்: எப்போது தொடங்கினீர்கள், எது கஷ்டமாக இருந்தது, யார் உதவினார்கள், இப்போது நாளாந்தம் என்ன செய்கிறீர்கள். விவசாயி என்றால் எத்தனை பரப்பு, என்ன பயிர், எந்தக் கிணறு. கலைஞர் என்றால் யாரிடம் பழகினார், எந்தக் கோயிலில் எத்தனை வருடம் வாசித்தார்.

எழுதியதைக் கட்டாயம் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். போர்க்காலத்து விடயங்கள், காணாமல் போனவர்கள், தடுப்பில் இருந்த காலம் இவையெல்லாம் சொல்லலாமா என்று தீர்மானிக்கிற உரிமை அவர்களுக்கு மட்டும்தான். சொல்ல விரும்பாத ஒன்றை மேடையில் கேட்டு அவர் உடைந்துபோனால் அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

நீளம் 60 சொல்லுக்குள் நிற்க வேண்டும். ஆறுதலாக வாசித்தால் 40 வினாடி. மேடைக்கு ஏற 20 வினாடி, கையளித்துப் படமெடுக்க 30 வினாடி. ஆளுக்கு ஒன்றரை நிமிடம், 30 பேருக்கு 45 நிமிடம். இந்த 45 நிமிடத்தைச் சனம் அலுக்காமல் பார்க்கும். அலுப்பு வருவது உரைகளால். மங்கல விளக்கு, இறைவணக்கம், அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு, சிறப்பு விருந்தினர் உரை இரண்டு, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை என்று போட்டால் பத்துக்கு மேல் உரை. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று எழுதினாலும் பதினைந்து எடுப்பார்கள். இரண்டரை மணித்தியாலம் அதிலேயே போய்விடும். விருது தொடங்கும்போது கைக்குழந்தைக்காரர் எழும்பிவிடுவார்கள், கடைசி பஸ் போய்விடும்.

தலைமையுரை ஐந்து நிமிடம், பிரதம விருந்தினர் உரை பத்து நிமிடம், நன்றியுரை மூன்று நிமிடம். இவற்றோடு நிறுத்துங்கள். வாழ்த்துரை தருகிறவர்களிடம் எழுத்தில் வாங்கி விழா மலரில் போடலாம். பிரதம விருந்தினர் உரையை விருதுகளின் நடுவில், முதல் பதினைந்து பேர் முடிந்த பிறகு வையுங்கள். அவர் பிந்தி வந்தாலும் விழா குறித்த நேரத்தில் தொடங்கிவிடும். அழைப்புக் கடிதத்திலேயே "தங்கள் உரை மாலை 6.15க்கு, பத்து நிமிடம்" என்று எழுதினால் பெரும்பாலானோர் மதிப்பார்கள். ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிக்கிற நிகழ்ச்சிதான் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு முதலே முடித்துக் கதிரை அடுக்கிவிடலாம்.

யார் கையால் கொடுப்பது? எல்லா விருதையும் பிரதம விருந்தினரே கொடுக்கத் தேவையில்லை. ஓட்டப்போட்டியில் வென்ற பிள்ளைக்கு அவளைப் பழக்கிய ஆசிரியர் கொடுக்கட்டும். விவசாயிக்கு ஊரின் மூத்த விவசாயி கொடுக்கட்டும். சங்கானைப் பக்கம் ஒரு நாதஸ்வர வித்துவானை நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன அளவெட்டியிலோ இணுவிலிலோ இருந்து வந்த மூத்த வித்துவான் கௌரவித்தால் அந்தப் பொன்னாடைக்கு இருக்கிற பெறுமதி வேறு. பொன்னாடை விருது பெறுகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினருக்கும் நிர்வாகத்துக்கும் அனுசரணையாளருக்கும் போர்த்தத் தொடங்கினால் இருபது நிமிடமும் இருபது பொன்னாடையும் போகும்.

இனிக் கேடயமும் சான்றிதழும். இங்கே பிழைப்பது பெயர். நிரோஜன், நிறோஜன், நிரோயன் மூன்றும் மூன்று ஆட்கள். தந்தையின் முதலெழுத்து, திருமணமான பெண்ணுக்குக் கணவர் பெயரா தகப்பன் பெயரா, இவையெல்லாம் அவரவர் விருப்பம். விண்ணப்பத்தில் அயலவர் எழுதிய பெயரை நம்ப வேண்டாம். சந்திக்கப் போகிறபோது அவர் கையாலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள், அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

அச்சகத்தில் இன்னொரு சிக்கல். எங்கள் பக்கத்து அச்சகங்களில் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு இன்னும் பாவனையில் இருக்கிறது. நீங்கள் கைபேசியில் யூனிகோட்டில் தட்டி அனுப்புவதை அவர்கள் பாமினிக்கு மாற்றுவார்கள். அப்போது 'கௌ' என்பது 'கெள' ஆகலாம், 'ஸ்ரீ' உடையலாம், இடையில் இருக்கிற ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். திரையில் காட்டுவதைப் பார்த்து ஓம் சொல்லாதீர்கள். 30 சான்றிதழையும் சாதாரணத் தாளில் ஒருமுறை அச்சிட்டு வாங்கி, அந்தக் கையெழுத்துத் தாள்களோடு இரண்டு பேர் இருந்து ஒப்பிடுங்கள். ஒருவர் எழுத்து எழுத்தாக வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும். பிறகே தடித்த மட்டைக்குப் போகலாம். 250 கிராம் மட்டை போதும், 300 என்றால் இன்னும் நல்லது. பெயர் எழுதாத சான்றிதழ் ஐந்தை மேலதிகமாக அடித்து வையுங்கள்.

கேடயத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவதைவிடப் பொறிப்பது நல்லது. எங்கள் வெக்கையில் ஸ்டிக்கர் இரண்டு கோடையில் ஓரம் கிளம்பிவிடும். நிறுவனத்தின் பெயரை 40 புள்ளி எழுத்தளவிலும் ஆளின் பெயரை 14 புள்ளி எழுத்தளவிலும் போடுகிற பழக்கம் மாற வேண்டும். ஆளின் பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும், அடுத்தது என்ன செய்தார், பிறகு ஆண்டு, கடைசியில் சங்கம். சான்றிதழில் திகதியும் சங்கத்தின் பதிவிலக்கமும் கட்டாயம். 60 வயதைக் கடந்த கலைஞர்களுக்கு அரசு வழங்குகிற கலாபூஷணம் போன்ற விருதுகளுக்கு விண்ணப்பிக்கையில் இப்படியான சான்றுகள் உதவும். திகதியில்லாத தாள் உதவாது.

விழா மேடையில் அடிக்கடி நடக்கிற விபத்து, கேடயம் மாறிப்போவது. காரணம் எளிது. அழைக்கிற ஒழுங்கில் கேடயங்களை மேசையில் அடுக்கியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் வரவில்லை. அறிவிப்பாளர் பத்தாவது ஆளை அழைக்கிறார். மேசையில் நிற்கிற பிள்ளை அடுத்ததாக இருக்கிற ஒன்பதாம் கேடயத்தை நீட்டுகிறது. அதிலிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப் போகும். இதைத் தடுக்க, ஒவ்வொரு கேடயத்தின் அடியிலும் இலக்கம் ஒட்டுங்கள். அதே இலக்கம் சான்றிதழின் பின்பக்கத்திலும், அறிவிப்பாளரின் உரைத் தாளிலும், விருது பெறுகிறவரின் கதிரையிலும் இருக்கட்டும். வாசலில் ஒருவர் வரவு பதிய வேண்டும். வராதவரின் உரைத் தாளை விழா தொடங்க முன் அறிவிப்பாளரின் கட்டிலிருந்து எடுத்து, அந்தக் கேடயத்தை மேசைக்குக் கீழே வைத்துவிட வேண்டும். மேசையில் இருவர்: ஒருவர் இலக்கம் பார்த்து எடுப்பவர், மற்றவர் அதைச் சரிபார்த்து விருந்தினர் கையில் கொடுப்பவர். அறிவிப்பாளர் பெயரோடு இலக்கத்தையும் மேசைப் பக்கம் விரலால் காட்டினால் பிழையே வராது.

முன்வரிசை விருது பெறுகிறவர்களுக்கு. விருந்தினர் இரண்டாம் வரிசையிலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். இதற்கு எதிர்ப்பு வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த ஐந்து பேரை எப்போதும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்திருக்க ஒருவர் வேண்டும்.

முதியவர்களையும் நடக்க இயலாதவர்களையும் பற்றி யோசிக்காத மேடைகள்தான் அதிகம். எங்கள் மாவட்டத்தில் போரில் கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர். சக்கர நாற்காலிக்கான சரிவு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். மூன்றடி மேடைக்கு 36 அடி. முற்றத்தில் அதற்கு இடம் இராது. குறுக்கிச் செங்குத்தாகக் கட்டிய பலகையில் நாலு பேர் தள்ளி ஏற்றுவது ஆபத்து, அவருக்கும் சங்கடம். இதற்கு வழி, ஓரடிக்கு மேல் மேடை உயர்த்தாமல் விடுவது. அல்லது எல்லா விருதையும் மேடைக்கு முன்னால் தரையில், ஒரு பாயோ கம்பளமோ விரித்துக் கொடுப்பது. எல்லோருக்கும் தரையில் என்றால் யாருக்கும் தனியாகத் தெரியாது. படிக்கட்டு வைத்தால் இரண்டு பக்கமும் கைபிடி வேண்டும். சேலைக்கும் வேட்டிக்கும் ஏழு அங்குலத்துக்கு மேல் படி உயரம் கூடாது.

காற்றை மறக்கக்கூடாது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை சோளகம் அடிக்கும், அந்த மாதங்களில் திறந்தவெளியில் பெரிய பதாகை கப்பற்பாய் போலக் காற்றைப் பிடிக்கும். இரண்டடிக்கு ஒரு கண் போட்டுக் கயிற்றால் கட்டுங்கள், பின்னால் கமுகஞ் சிலாகையோ இரும்புக் குழாயோ குறுக்கே கொடுங்கள். குத்துவிளக்கைக் காற்று மறைவில் வைத்து, திரியைத் தேங்காயெண்ணெயில் முன்னமே ஊறவிட்டு, நுனியில் ஒரு துளி கற்பூரத்தூள் தடவினால் முதல் தடவையிலேயே பற்றும். ஒவ்வொரு விருந்தினரும் மூன்று நெருப்புக்குச்சி தட்டுகிற நிலை வராது.

ஒலியில் இரண்டு விடயம். கம்பியில்லா மைக்குக்குப் புதுப் பட்டறி போட்டு, மாற்றுப் பட்டறியும் மேடையில் வைத்திருங்கள். கம்பி மைக் ஒன்று எப்போதும் ஆயத்தமாக நிற்க வேண்டும். பெட்டிகளை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி வையுங்கள். பெட்டி மைக்குக்குப் பின்னால் இருந்தால் கீச்சிடும், அதை அடக்க ஒலியைக் குறைப்பார்கள், கௌரவிப்புரை பின்வரிசைக்குக் கேட்காது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஏற்க ஒரு நிமிடமாவது பிடிக்கும். மிக்சருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று வைத்தால் கருவிகள் மீண்டும் தொடங்கத் தாமதமாகாது. பின்னால் எல்ஈடி திரை இருந்தால் அதன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்காவிட்டால் படத்தில் முகங்கள் கறுத்துவிடும். நிற்க வேண்டிய இடத்தை வெள்ளை நாடாவால் தரையில் குறியுங்கள். கேடயத்தை விருந்தினர் கை மறைக்காமல் பிடிக்கும்படி முதலே சொல்லிவிடுங்கள்.

சிற்றுண்டி மரக்கறி மட்டும், பொதியாக. ஒரு றோல்ஸ், ஒரு வடை, ஒரு துண்டு கேக், வாழைப்பழம், தண்ணீர்ப் போத்தல். அழைத்த தொகைக்குப் பத்து வீதம் கூட்டிச் செய்யுங்கள். விருதுகளுக்கு நடுவில் பகிராதீர்கள். பொலித்தீன் சரசரப்பில் உரை கேட்காது.

காசு. வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் பெற்றோர் ஞாபகார்த்தமாக விருதுக்கு நிதி தர முன்வருவார்கள். நல்ல வழிதான், ஆனால் இரண்டு நிபந்தனை தேவை. யாருக்கு விருது என்பதில் நிதி தருகிறவர் தலையிட முடியாது. பணம் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் ஒப்பமிடுகிற சங்கக் கணக்குக்கு வர வேண்டும், தனியாள் கணக்குக்கு வரக்கூடாது. நிலையான வைப்பில் போட்டு வட்டியில் விருது கொடுப்பது என்றால் கணக்கை நிதானமாகப் போடுங்கள். 2022 கடைசியில் வட்டி 20 வீதத்துக்கு மேல் போனது. அந்த வீதம் நிலைக்கும் என்று நம்பித் தொடங்கிய நிதியங்கள் 2024இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் தடுமாறின. ஒரு இலட்சம் ரூபாவுக்கு 8 வீதம் என்றால் வருடத்துக்கு 8,000. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி கழிகிறது, அதற்கு முன் 5 வீதம். கையில் வருவது 7,200. விலைவாசி ஏறுகிறபடியால் அதிலும் கால்வாசியை முதலோடு திருப்பிச் சேர்க்க வேண்டும். மிச்சம் 5,400 ரூபாவில் ஒரு கேடயமும் சான்றிதழும் பொன்னாடையும் செய்ய இயலுமா என்று முதலே பாருங்கள். இயலாது என்றால் நிதி தருகிறவரிடம் வெளிப்படையாகச் சொல்லி இன்னும் ஒரு இலட்சம் கேளுங்கள்.

விழா முடிந்த இரண்டு கிழமைக்குள் கணக்கறிக்கையை வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிடுங்கள். வராதவர்களின் கேடயத்தை அலுமாரியில் பூட்டி வைக்கக்கூடாது. அநேகமாக அவர்கள் நோயாளிகளாகவோ மிக முதியவர்களாகவோ இருப்பார்கள். அந்தக் கிழமைக்குள் தலைவரும் செயலாளரும் அயலவர் நாலு பேரும் அவர் வீட்டுக்குப் போய், முற்றத்தில் இருந்து, அதே கௌரவிப்புரையை முழுவதும் வாசித்துக் கொடுக்க வேண்டும். எல்லா உரைகளையும் ஆண்டுவாரியாக ஒரு கட்டுப் புத்தகத்தில் ஒட்டி வாசிகசாலையில் வையுங்கள், படமெடுத்து இன்னொரு பிரதியையும் வேறோர் இடத்தில் வையுங்கள். அடுத்த வருடத் தெரிவுக் குழு முதல் கூட்டத்திலேயே அதைப் புரட்டிப் பார்த்து, எந்தெந்தக் குறிச்சிகள், எந்தெந்தத் தொழில்கள் இன்னும் அதில் வரவில்லை என்று குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.